இரண்டாவது ஆளின் வேலையைச் செய்த டேப்

கடைகளின் கண்ணாடிக் கதவு, பள்ளி வேனின் பக்கவாட்டு, ஆட்டோவின் பின்புறம் என எங்கு பார்த்தாலும் வெட்டி ஒட்டிய வினைல் எழுத்துகள். தமிழ்நாட்டில் பல இடங்களில் இதற்கு 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று பெயர். அதில் ரேடியம் துளியும் கிடையாது என்பது வேறு விஷயம்!

இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு. ஆய்த எழுத்து ஒன்றை வெட்டினாலே மூன்று தனிப் புள்ளிகள் வந்துவிடும். அப்படியானால் ஒரு முழு முகவரியை வரி கோணாமல், இடைவெளி மாறாமல் சுவருக்குக் கொண்டுபோவது எப்படி? அதற்கு உதவுவதுதான் டிரான்ஸ்பர் டேப். துண்டுகளை இருந்த இடத்திலேயே பிடித்துத் தூக்கி, புதிய இடத்தில் இறக்கிவிட்டு, தான் மட்டும் உரிந்து வந்துவிடும். வேலை முடிந்ததும் அதன் இடம் குப்பைக்கூடை. ஆனால் இந்தக் குப்பைக்குப் பின்னால் ஒரு தொழிலின் வரலாறே இருக்கிறது.

பெயிண்டரின் காலம்

வினைல் வருவதற்கு முன்பு போர்டு எழுதுவது பெரும்பாலும் தனி ஆளின் வேலை. அளவு பிசகாமல் இருக்க பெயிண்டர்கள் ஒரு பழைய வழியைக் கையாண்டார்கள். எழுத்தைக் காகிதத்தில் வரைந்து, அதன் கோடுகளில் ஊசியால் வரிசையாகத் துளையிடுவார்கள். காகிதத்தைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டினால் துளைகளின் வழியே புள்ளிக்கோடு விழும். அதன்மேல் தூரிகை ஓடும். ஐரோப்பாவில் சுவரோவியம் தீட்டியவர்களும் இதே முறையைப் பயன்படுத்தினார்கள். ஒரு பரப்பில் இருக்கும் வடிவத்தை இன்னொரு பரப்புக்கு மாற்றுவது என்ற சிக்கல் அன்றே இருந்தது. ஆனால் இடம் மாறியது கோடு மட்டுமே. எழுத்து பெயிண்டரின் கையில்தான் பிறந்தது.

திட்டு வாங்கிய பசை

டேப்பின் கதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடங்குகிறது. ரிச்சர்ட் ட்ரூ 1921-ல் த்ரீ எம் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். அதற்கு முன் நடனக் குழுக்களில் பேஞ்சோ வாசித்தவர் அவர். அப்போது த்ரீ எம் முக்கியமாக உப்புத்தாள் விற்கும் நிறுவனம். உப்புத்தாளைச் சோதிக்க அவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளுக்குப் போவார்.

அந்த நாட்களில் இரண்டு வண்ணக் கார்கள்தான் மோஸ்தர். ஒரு நிறத்தை மறைத்துவிட்டு மற்றதை அடிக்க வேண்டும். செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார்கள், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். பெயிண்டர்கள் வாய்விட்டுத் திட்டுவதைக் கேட்ட ட்ரூ, பெயிண்டைப் பெயர்க்காத டேப் ஒன்றைச் செய்து தருவதாகச் சொன்னார். உப்புத்தாள் வேலையைப் பார்க்கும்படி மேலிடம் சொல்லியும் அவர் விடவில்லை. 1925-ல் மாஸ்க்கிங் டேப் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதுவரை நல்ல பசை என்றால் பிரியாத பசை. ட்ரூ தேடியது அதற்கு நேர் எதிரானதை. தேவையான நேரம் பிடித்துக்கொண்டு, இழுத்ததும் சேதமில்லாமல் விட்டுவிடும் பசை! பின்னாளில் வந்த டிரான்ஸ்பர் டேப்பும் இதே எண்ணத்தில்தான் இயங்குகிறது.

இன்னும் இரண்டு பேர், ஒரு இயந்திரம்

1926-ல் ஒஹாயோ மாநிலத்தின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை. மாறாக, விறைப்பான பி.வி.சி. வளையக்கூடிய மென்மையான பொருளாக மாறியது. இன்றைய வினைல் தாளுக்கு மூலம் அதுதான்.

1935-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி, உரித்து ஒட்டும் லேபிள்களைச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கான முதல் 100 டாலரை, பின்னர் தன் மனைவியான பெண்ணிடம் கடன் வாங்கினார். பசையோடு இருக்கும் தாளை, எளிதில் விட்டுவிடும் இன்னொரு தாளின் மேல் வைப்பது அவருடைய வழி.

வினைல், பின்தாள், மென்பசை டேப் மூன்றும் இருந்தும் வெட்டுவது கைவேலையாகவே இருந்தது. அதை மாற்றியவர் ஜோசப் கெர்பர். 1924-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940-ல் தாயுடன் அமெரிக்கா வந்தவர். 1960-களின் இறுதியில் துணி வெட்டும் கணினி இயந்திரத்தை அவருடைய நிறுவனம் கொண்டுவந்தது. 1980-களின் தொடக்கத்தில் வினைல் எழுத்துகளை வெட்டும் 'சைன்மேக்கர் 3' வந்தது. தூரிகை பிடிக்கத் தெரியாதவரும் விசைப்பலகையில் தட்டி எழுத்தை வெட்டி எடுக்கலாம் என்ற நிலை உருவானது.

தனி ஆள் எப்படிச் சமாளிக்கிறார்?

வெட்டுவது இயந்திரம். ஆனால் தேவையற்ற பகுதியை உரித்தெடுப்பதும், டேப் போடுவதும், ஒட்டுவதும் இன்றும் மனிதக் கைகள்தான். இங்கே மூன்று பிடிப்புகளுக்கு இடையே போட்டி. வினைலைப் பின்தாள் பிடித்திருப்பதைவிட டேப் வலுவாகப் பிடிக்க வேண்டும். ஆனால் சுவர் பிடிப்பதைவிட அது பலவீனமாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் எழுத்து டேப்போடு திரும்பி வந்துவிடும், குறைந்தால் பின்தாளிலேயே தங்கிவிடும்.

சிறிய ஸ்டிக்கர் என்றால் கவலையில்லை. இரண்டு அடி அகலம், ஆறு அடி நீளம் என்று போனால், ஒருவர் டேப்பை விறைப்பாகப் பிடிக்க மற்றவர் தேய்ப்பதே வழக்கம். தனியாகச் செய்பவரின் டேப் காற்றில் சுருண்டு தன்மீதே ஒட்டிக்கொள்ளும். தப்பான இடத்தில் பட்டால் மடிப்பு விழும், மடிப்பு எழுத்திலும் பதியும்.

இதற்குத் தொழிலில் சில வழிகள் உருவாகியிருக்கின்றன. முதலாவது, டேப்பைத் துண்டாக வெட்டாமல் ரோலாகவே வைத்துக்கொள்வது. வினைலை மேசையில் அசையாமல் பொருத்தி, டேப்பின் நுனியை அதன் ஒரு ஓரத்துக்கு வெளியே மேசையில் ஒட்டிவிட்டால், அந்த நுனிதான் இரண்டாவது ஆள். பிறகு ஒரு கை ரோலை இழுத்துப் பிடிக்க, மறு கை ஸ்க்வீஜி எனப்படும் பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரங்களுக்குத் தேய்த்துக்கொண்டே போகலாம். காற்றும் ஓரம் வழியே வெளியேறும்.

இரண்டாவது, தலைகீழ் வழி. டேப்பைப் பசைப்பக்கம் மேலே இருக்குமாறு மேசையில் விறைப்பாகப் பொருத்தி, வினைலைக் கவிழ்த்து நடுவில் தொட்டு இருபுறமும் இறக்குவது. மூன்றாவது, அகலமான டேப்புக்குப் பதில் குறுகிய டேப்புகளை ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் சிறிது ஏறும்படி வரிசையாகப் போடுவது. அவசரம் இல்லாதவருக்கு இதுவே பாதுகாப்பானது.

சுவரில் ஒட்டும்போது மாஸ்க்கிங் டேப் மறுபடி வருகிறது. நடுவில் செங்குத்தாக ஒரு டேப் ஒட்டினால் அது கதவின் கீல் போல ஆகிவிடும். ஒரு பாதியின் பின்தாளை உரித்து வெட்டி, தேய்த்து ஒட்டிவிட்டு, கீலை எடுத்துவிட்டு மறுபாதிக்குப் போகலாம். முழுப் பாரத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியதில்லை.

லாபமும் நட்டமும்

1980-களுக்குப் பிறகு அமெரிக்காவில் கையால் போர்டு எழுதுவோர் பலர் பிழைப்பை இழந்தார்கள். எஞ்சியவர்களைப் பற்றி 'சைன் பெயின்டர்ஸ்' என்ற நூல் 2012-ல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைப் பெருமளவு செய்தது ஃப்ளெக்ஸ் பேனர். காரணம் வேறு, முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

பெயிண்டர்களின் எரிச்சலைத் தீர்க்கத்தான் ட்ரூ மென்பசை டேப்பைச் செய்தார். அதே எண்ணம் அறுபது ஆண்டுகளுக்குள் இன்னொரு வகைப் பெயிண்டர்களின் வேலையைப் பறிக்கத் துணைபோனது. அதை ட்ரூவின் குற்றம் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், ஒரு கணினி, ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு ரோல் டேப்போடு சிறு கடை போட்டுத் தனி ஆளாகப் பிழைப்பவர்களும் இதனால்தான் உருவானார்கள். அவர்களிடமும் ஒரு கைத்திறன் இருக்கிறது. தேய்க்கும் அழுத்தம், உரிக்கும் கோணம், அவசரப்படாத கை எல்லாம் பழகித்தான் வர வேண்டும். வழுவழுப்பான கண்ணாடியில் குமிழி இல்லாமல் ஒட்டியிருக்கும் ஒரு கடைப் பெயரைக் கண்டால், அங்கே ஒருவர் பொறுமையாக வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.