மரம் உலோகமான கதை



டிரைவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர் மோட்டார் வண்டி ஓட்டுபவரே. கோல்ப் ஆட்டத்திலோ அச்சொல் ஒரு மட்டையின் பெயராகும். சிறு முளையின்மேல் வைத்த பந்தை முதல் அடியில் வெகுதூரம் செலுத்துவது அதன் பணி. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றளவும் நிலவிவரும் கோல்ப் சங்கங்களுள் மிகப் பழமையானது 1829ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியதே. ஆகவே, கல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கேனும் இவ்வாட்டம் முற்றிலும் அயலானதன்று.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டிரைவரின் தலை மரத்தால் ஆனதாகவே இருந்தது. அமெரிக்கக் காடுகளில் வளரும் பெர்சிம்மன் என்னும் மரமே அதற்கு உகந்ததெனக் கருதப்பட்டது. நம் நாட்டுக் கருங்காலியும் அம்மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உறுதியிலும் அவ்வுறவு விளங்கும். கைதேர்ந்த தொழிலாளர் அதனைக் கடைந்து, இழைத்து, மெருகேற்றினர். ஒரே பட்டறையில் உருவான இரு மட்டைகளும் முற்றும் ஒத்திரா. ஆதலின், தமக்கு வாய்த்த நல்ல மட்டையை ஆட்டக்காரர் பல்லாண்டு பேணிவந்தனர். 1963ஆம் ஆண்டில் டல்லஸ் நகரில் நிகழ்ந்த தொலைவுப் போட்டியில் ஜாக் நிக்லஸ் மரமட்டையால் 341 கெஜத்திற்கு அப்பால் பந்தைச் செலுத்தினார்.

1979ஆம் ஆண்டில் காரி ஆடம்ஸ் என்பவர் 24,000 டாலர் கடன் பெற்று டெய்லர்மேட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் விற்ற பொருள் உருக்கினால் ஆன டிரைவர். எஃகு நகரமாகிய பிட்ஸ்பர்க்கின் பெயரால் அது "பிட்ஸ்பர்க் பெர்சிம்மன்" என வழங்கலாயிற்று. தலையின் உள்ளே வெற்றிடம் இருந்தமையால் எடை முழுவதும் விளிம்புகளை நோக்கிப் பரவிற்று. நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது. பந்தும் வழிதவறுவது குறைந்தது. 1981ஆம் ஆண்டில் ரான் ஸ்ட்ரெக் ஹூஸ்டன் போட்டியில் உலோக டிரைவருடன் வெற்றி பெற்றார்.

அடுத்து வந்தவர் ஈலி காலவே. நெசவுத் தொழிலிலும் திராட்சைத் தோட்டத்திலும் பெயர் பெற்றபின் கோல்ப் மட்டைகளின்பால் திரும்பிய இவர், 1991ஆம் ஆண்டில் "பிக் பெர்த்தா" என்ற பெருந்தலை டிரைவரை வெளியிட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் கையாண்ட பெரும் பீரங்கியின் பெயர் அது! அதன் தலை 190 கன சென்டிமீட்டர். 1995ஆம் ஆண்டில் எஃகினும் எடை குறைந்த டைட்டேனியம் கைகொடுக்கவே, தலை மேலும் பருத்தது. இதனிடையே 1993ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் பெர்ன்ஹார்டு லாங்கர் பெர்சிம்மன் டிரைவருடன் வாகை சூடினார். நான்கு பெரும் போட்டிகளுள் மரமட்டை கண்ட இறுதி வெற்றி அதுவே என்பர்.

மட்டையின் ஆற்றல் வளர வளர, மைதானங்கள் குறுகியவைபோல் ஆயின. ஆட்டத்தின் முடிவை ஆட்டக்காரரின் திறன் தீர்மானிப்பதா, உலோகக் கலை தீர்மானிப்பதா என்ற வினா எழுந்தது. மெல்லிய உலோக முகம் பந்தை வில்போல் உந்துவதற்கு அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1998ஆம் ஆண்டில் வரம்பு கட்டியது. 2004ஆம் ஆண்டில் தலையின் பருமனுக்கு 460 கன சென்டிமீட்டர் என எல்லை வகுக்கப்பட்டது.

இம்மாற்றத்தால் எளிய ஆட்டக்காரருக்கு நன்மை உண்டு; தவறிய அடியையும் உலோகம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மரத்தைக் கண்டதும் அதன் ரேகையால் தரம் அறிந்த தொழிலாளருக்கோ வேலை இல்லாது போயிற்று. அவர்களுடைய நினைவு ஒரு சொல்லில் மட்டும் தங்கியுள்ளது. டைட்டேனியத்தாலும் எஃகாலும் ஆன இம்மட்டைகளை ஆட்டக்காரர் இன்றும் "வுட்", அதாவது மரம், என்றே அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது வியப்பளிக்கவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயினும், தேங்காயிலிருந்து பெறுவதையும் நாம் எண்ணெய் என்றுதானே சொல்கிறோம்?