பனிக்கால மலையேற்றமும் மழைக்கால எண்ணெயும்

தை பிறந்ததும் வித்துராவில் முதுகுப்பை சுமந்த புதுமுகங்கள் தென்படத் தொடங்கும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு வனத்துறை வழக்கமாக அனுமதி வழங்குவது ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில்தான். வித்துரா வழியாகப் போனக்காடு சேர்ந்து, அங்கிருந்து நடக்க வேண்டும். மழை ஓய்ந்து வழி காய்ந்திருக்கும் பருவம் அது. ஆயினும் விடியற்பனியில் தசை இறுகியிருக்கும். சூடேறாத தசை குறைந்த விசையிலேயே கிழியும். ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடிப்பதும், இறக்கத்தில் முழங்கால் நோவதும், கணுக்கால் பிசகுவதும் இதனால் எளிதாகின்றன.

பனிக்காலத்துக்கு உடலை எப்போது ஆயத்தம் செய்வது? திருவிதாங்கூர் மரபின் விடை வியப்பூட்டும்: மழைக்காலத்தில். களரியில் தீவிரப் பயிற்சியும் எண்ணெய் உழிச்சிலும் இடவம், மிதுனம், கர்க்கடகம் எனப் பெருமழை மாதங்களிலேயே இணைந்து நடந்தன. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 1956இல் நிறுவப்பட்ட சி.வி.என். களரியில் பயின்ற அமெரிக்க ஆய்வாளர் பிலிப் சரில்லி, தம் 1998ஆம் ஆண்டு நூலில் இம்மரபை விரிவாகப் பதிவு செய்தார். இன்று விடுதிகள் விற்கும் 'கர்க்கடக சிகிச்சை'யில் எண்ணெய் மிஞ்சியது, பயிற்சி உதிர்ந்துவிட்டது. கேரள வைத்தியர் போற்றும் அஷ்டாங்க ஹிருதயமோ உடற்பயிற்சிக்கு உகந்த குளிர்காலத்திலும், வலியோர்கூடத் தம் ஆற்றலில் பாதியளவே செலவிட வேண்டும் என்கிறது.

1987இல் இம்மலைத்தொடரில் ஆய்வாளர்கள் களைத்தபோது, வழிகாட்டிய காணிகள் ஆரோக்கியப்பச்சையின் காயைத் தின்று களைப்பின்றி நடந்த கதை புகழ்பெற்றது. 'ஜீவனி' என்னும் மருந்து அதிலிருந்து பிறந்தது. அக்கால்கள் ஆண்டு முழுவதும் மலையில் நடந்து பழகியவை என்பதைக் கதை சொல்வோர் ஏனோ விட்டுவிடுகின்றனர்.

காயம்பட்ட பின் செய்வதிலும் மரபு நுட்பமானது. முறிவெண்ணெய் என்பது தேங்காயெண்ணெயில் புங்கிலை, வெற்றிலை, முருங்கை, சிற்றுள்ளி, கற்றாழை முதலியன சேர்த்துக் காய்ச்சுவது. சுளுக்கிய மூட்டில் அதைத் தேய்ப்பதைவிட, பஞ்சில் நனைத்து வைத்துக் கட்டுவதே முக்கியம். வீக்கம் தணியுமுன் அழுத்தி உருவினால் கேடு மிகும். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் தாமே திருத்திக்கொண்டார். கட்டு மட்டும் இரு மரபுகளிலும் நிலைத்து நிற்கிறது.

வர்மக்கலை அகத்தியர் அருளியது என்பது ஆசான்களின் நம்பிக்கை. கிடைக்கும் வர்மச் சுவடிகளின் மொழியோ பிற்காலத் தமிழ். மலையாளச் சாயல் படிந்தது. அவை மிகுதியாக வழங்கியது கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில். இவ்வூர்களும் வித்துராவும் 1949 வரை ஒரே அரசின்கீழ் இருந்தன. பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று எல்லை பிரிந்தது. ஒரே பிசகுக்கு ஒரே விதமாகக் கட்டுப் போட்ட கைகளின் வித்தை அங்கே சித்த மருத்துவத்தின் கிளையாயிற்று; இங்கே களரியோடும் ஆயுர்வேதத்தோடும் சேர்த்து எண்ணப்பட்டது. இரு பக்கத்துச் சுவடிகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டுமெனில், மலையாளமும் தமிழும் அறிந்தவர் வேண்டும்; சுளுக்கெடுக்கத் தெரிந்த ஆசான் ஒருவரும் உடனிருக்க வேண்டும்.