ராத்திரி முழுக்க விழித்திருந்தது யார்? ஒரு விதை ரொட்டியின் வரலாறு



இப்போது நம் பிளாக்குகளில் பல வீடுகளில் ஓடிஜி அடுப்பு வந்துவிட்டது. கேக்கில் ஆரம்பித்தவர்கள் மெல்ல ரொட்டிக்கு வந்திருக்கிறார்கள். அதிலும் எள், சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் சேர்த்து, இனிப்பு இல்லாமல், இரவே மாவைக் கலந்து வைத்து மறுநாள் சுடும் உப்பு ரொட்டி பலருக்குப் பிடித்திருக்கிறது. செய்முறை யூடியூபில் நிறையக் கிடைக்கும். அதன் வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இந்த இதழில் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சுடச்சுட ரொட்டி வேண்டுமென்றால், அதற்கு முந்தைய ராத்திரி வேலை நடந்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்தது யார்?

விதையும் புளிப்பும்

விதை தூவிய ரொட்டி சூப்பர் மார்க்கெட் காலத்துப் புதுமை என்று நினைக்க வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, 'இயற்கை வரலாறு' என்ற தம் பெரிய நூலில் இதைக் குறிப்பிடுகிறார். கிராமத்து ரொட்டியின் மேல்பக்கம் முட்டையால் கசகசாவை ஒட்ட வைப்பார்கள்; அடிப்பக்கத்துக்குச் செலரி விதையும் கருஞ்சீரகமும் மணம் சேர்க்கும். முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்து வைத்து மறுநாள் மாவைப் புளிக்க வைக்கும் வழக்கத்தையும் அவர் எழுதியிருக்கிறார். இன்றும் துருக்கியில் ரமலான் மாதத்தில் சுடும் 'பிடே' ரொட்டியின் மேல் எள்ளும் கருஞ்சீரகமும் தூவுகிறார்கள்.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பிளினி இறந்தார். அதே வெடிப்பில் பொம்பெயி நகரமும் புதைந்தது. 1862-ல் அங்கே தோண்டியபோது, ஒரு பேக்கரி அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகி, உருவம் மாறாமல் கிடைத்தன.

மாவைப் புளிக்க விடுவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. இட்லிக்கு அரைத்துக் கரைத்து மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். காலையில் மாவு பொங்கியிருக்கிறது. யாரும் கண் விழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தெருவுக்கே, ஒரு நகரத்துக்கே விடியற்காலையில் ரொட்டி கொடுக்க வேண்டியவர்கள் அப்படித் தூங்க முடியவில்லை.

லண்டன் நிலவறைகள்

1862-ல் பிரிட்டிஷ் அரசு, ரொட்டித் தொழிலாளர்களின் குறைகளை விசாரிக்க ட்ரெமென்ஹியர் என்ற அதிகாரியை நியமித்தது. அவருடைய அறிக்கையில் உள்ள விவரங்கள் இன்று படித்தாலும் மனத்தைச் சங்கடப்படுத்தும். லண்டன் ரொட்டித் தொழிலாளியின் வேலை இரவு 11 மணிக்குத் தொடங்கும். முதலில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் மாவு பிசைய வேண்டும். பிறகு மாவுத் தொட்டியை மூடியிருக்கும் பலகை மேலேயே ஒரு சாக்கை விரித்து, இன்னொரு சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்து, இரண்டு மணி நேரம் படுப்பார். எழுந்தால் தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை. மாவை வெட்டி, எடை போட்டு, உருட்டி, அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். பொழுது விடிந்த பிறகு பலருக்கு வீடு வீடாக ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் உண்டு. பேக்கரிகள் பெரும்பாலும் காற்று வராத, அனல் அடிக்கும் நிலவறைகள்.

இந்த அறிக்கையைக் காரல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். லண்டன் ரொட்டித் தொழிலாளர்கள் 42 வயதை எட்டுவதே அரிது என்று அதில் எழுதுகிறார்.

அடுத்த ஆண்டே, 1863-ல், பிரிட்டனில் பேக்கரிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது. பெரியவர்களின் ராத்திரிக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை.

நீதிமன்றம் வரை போன ரொட்டி

பாரிஸில் 1871-ல் 72 நாட்கள் ஆட்சி செய்த பாரிஸ் கம்யூன், ஏப்ரல் 20 அன்று பேக்கரிகளில் இரவு வேலையை ஒழித்து ஆணையிட்டது. கம்யூன் வீழ்ந்ததும் அந்த ஆணையும் போயிற்று.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1895-ல் ஒரு சட்டம் இயற்றியது. பேக்கரித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. யூட்டிகா என்ற ஊரில் பேக்கரி நடத்திய ஜோசப் லாக்னர் இந்தச் சட்டத்தை மீறியதற்காக 50 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது. அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1905-ல் தீர்ப்பு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அது அவர்கள் சுதந்திரம், சட்டம் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சொன்னார்கள். நான்கு பேர் ஏற்கவில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லாக்னருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய ஹென்றி வைஸ்மன், முன்பு பேக்கரித் தொழிலாளர் சங்கத்தில் இருந்து இதே சட்டத்துக்காகப் போராடியவர். பிறகு அவரே பேக்கரி முதலாளி ஆனார். இருக்கும் நாற்காலி மாறினால் நியாயமும் மாறும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

பிரான்சில் 1919-ல் இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ரொட்டி தயாரிப்பதைத் தடை செய்தார்கள். 1925-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பேக்கரிகளில் இரவு வேலையைத் தடுக்க ஒரு தனி உடன்படிக்கையே உருவாக்கியது. தடை தொழிலாளிக்கு மட்டும் இல்லை, முதலாளிக்கும் சேர்த்துத்தான். ஒரு விலக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் தங்கள் சொந்தச் சாப்பாட்டுக்காகச் சுடும் ரொட்டிக்கு இது பொருந்தாது. ஆகவே, ராத்திரி மாவு கலந்து வைக்கும் நம் குடியிருப்புவாசிகள் யாரும் கவலைப்பட வேண்டாம்!

அவசர ரொட்டி

சட்டம் ஒரு பக்கம் இருக்க, இயந்திரம் வேறு வழியில் போனது. 1961-ல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ரொட்டித் தொழில் ஆராய்ச்சிக் கூடம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. மாவை அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் கடைந்து, வைட்டமின் சி-யும் கொழுப்பும் சேர்த்து, ஈஸ்டையும் கூட்டிப் போட்டால், பல மணி நேரம் புளிக்க விடத் தேவையில்லை. மாவு உள்ளே போனதிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரத்தில் துண்டு போட்ட ரொட்டி பாக்கெட்டில் வெளியே வந்துவிடும். பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இன்று இந்த முறையில்தான் தயாராகிறது.

நம் நாட்டில் பாக்கெட் பிரெட் என்றால் என் வயதுக்காரர்களுக்கு மாடர்ன் பிரெட்தான் நினைவுக்கு வரும். 1965-ல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம். 2000-ல் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. காய்ச்சல் வந்தால் பாலில் தொட்டுச் சாப்பிட்ட அந்தப் பிரெட் இப்போது தினசரிச் சாப்பாடாகிவிட்டது. மாவை வலுவாக்கி ரொட்டியை உப்பச் செய்யச் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை 2016-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

மாவே வேலை செய்யட்டும்

பிசையாமல் ரொட்டி செய்யலாம் என்பதை 1940-களிலேயே இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் என்ற பெண்மணி முழுக் கோதுமை மாவில் செய்து எழுதியிருக்கிறார். உலகம் முழுக்கப் பரவியது 2006 நவம்பரில். நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹி என்பவரின் முறையை, 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் மார்க் பிட்மன் எழுதினார். கால் டீஸ்பூன் ஈஸ்ட், தாராளமாகத் தண்ணீர், 12 முதல் 18 மணி நேரம். பிசையவே வேண்டாம்.

பிசைவது எதற்கு? கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீரில் ஊறி, ஒன்றோடு ஒன்று பின்னி, குளூட்டன் என்ற வலையாக மாறுகின்றன. ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலைதான் பிடித்து வைக்கிறது. லண்டன் தொழிலாளி முக்கால் மணி நேரம் பிசைந்து உண்டாக்கிய வலையை, தளர்ந்த மாவு நேரம் கொடுத்தால் தானாகவே பின்னிக்கொள்கிறது. அதே நேரத்தில் இலேசான புளிப்பும் மணமும் சேர்கின்றன. வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், அசல் சிறியது, தவணை நீளம், ருசிதான் வட்டி.

நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற அளவு இது. மைதா 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம், தண்ணீர் சுமார் 320 மில்லி. எள், கருஞ்சீரகம், சூரியகாந்தி விதை, பூசணி விதை எல்லாம் சேர்த்து 60 கிராம். இரவு 10 மணிக்குக் கரண்டியால் கலந்து மூடி வையுங்கள். அங்கே 12 மணி நேரம் ஆவது இங்கே 8 மணி நேரத்தில் ஆகிவிடும். கோடையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் போதும். காலையில் மாவு தூவிய பலகையில் போட்டு, நான்கு பக்கமும் மடித்து, மேலே கொஞ்சம் விதை தூவி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி இல்லாத கனமான இரும்புச் சட்டியை மூடியோடு 230 டிகிரியில் அரை மணி நேரம் காய வைத்து, மாவை அதில் போட்டு, மூடி 30 நிமிடம், திறந்து 15 நிமிடம் சுடுங்கள். நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள்.

நம் வாசலுக்கு வரும் ராத்திரி

இந்த ரொட்டியில் ராத்திரி வேலை முழுவதையும் மாவு பார்த்துக்கொள்கிறது, நாம் தூங்குகிறோம். ஆனால் காலை 6 மணிக்கு நம் கதவில் தொங்கும் பால், பேப்பர், பிரெட் எல்லாமே இன்னும் யாரோ ஒருவர் விழித்திருந்த ராத்திரிதான். நம் கேட்டில் இரவு 8 மணிக்கு வந்து காலை 8 மணிக்குப் போகும் காவலர்களும் அப்படித்தான். நியூயார்க்கில் 1895-ல் கேட்டது 10 மணி நேரம். நம் காவலர்கள் பார்ப்பது 12.

ஒரு இடத்துக்கு இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் என்று 8 மணி நேர ஷிஃப்ட் வைத்தால், தலைக்குச் சம்பளத்தைக் குறைக்காமல், காவல் செலவு ஒன்றரை மடங்காகும். இதைச் சொன்னதும் மெயின்டனன்ஸ் கூடுமே என்ற கவலை வருவது நியாயம்தான். ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு அடுத்த பொதுக்குழுவில் வைக்கத் தயாராக இருக்கிறேன். அன்று நல்ல விதை ரொட்டியும் யாராவது கொண்டுவந்தால், பேசுவதற்கு எளிதாக இருக்கும்.