பருத்தி விலைக்கும் கடற்கரைக்கும் ஒரே வடிவம்

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் புள்ளியியல் பாடத்தில் வரும் அந்த மணி வடிவ வளைகோடு தெரிந்திருக்கும். நடுவில் குவியல், ஓரங்களில் ஒன்றுமில்லை. சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்குள் 99.7% அடங்கிவிடும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் சந்தை விலைகள் அந்த மணிக்குள் அடங்குமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது.

1900-ல் பாரிஸில் லூயி பஷெலியே என்பவர் தன் ஆய்வேட்டில், விலை ஏற்ற இறக்கங்கள் மணி வடிவப்படியே நடக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1950களில்தான் அமெரிக்காவில் தூசு தட்டி எடுத்தார்கள்.

1960களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர் பெனுவா மாண்டல்பிராட், வருமானப் பங்கீடு பற்றிப் பேச ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பேராசிரியர் ஹென்ட்ரிக் ஹௌதாக்கரின் கரும்பலகையைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். தான் வரைந்து காட்ட நினைத்த அதே படம் ஏற்கெனவே அங்கே இருந்தது! ஆனால் அது வருமானம் பற்றியது அல்ல, பருத்தி விலை பற்றியது. அந்த விலைகளை மணி வடிவத்துக்குள் அடைக்க முடியாமல் ஹௌதாக்கர் திணறிக்கொண்டிருந்தார்.

பருத்திக்கு நூறாண்டுக்கும் மேலான விலைக் குறிப்புகள் கிடைத்தன. மாண்டல்பிராட் அவற்றைக் கணினியில் போட்டுப் பார்த்தார். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, பெரிய தாவல்கள் மணி வடிவம் அனுமதிப்பதைவிட மிக அதிகம். இரண்டு, ஒரு நாள் மாற்றங்களின் படமும் ஒரு மாத மாற்றங்களின் படமும், அளவைச் சரிசெய்தால், ஒன்றுபோலவே இருந்தன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதுபோல! 1963-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

இதே குணத்தை அவர் நிலப்படத்திலும் கண்டார். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்களுக்கு இடையிலான ஒரே எல்லையை 987 கி.மீ., 1,214 கி.மீ. என்று வேறுவேறாகக் குறித்திருப்பதைக் கவனித்திருந்தார். அளவுகோல் சிறிதாகச் சிறிதாக, சின்னச் சின்ன வளைவுகளும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடும். இதை வைத்து, பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்ற புகழ்பெற்ற கேள்வியை 1967-ல் மாண்டல்பிராட் எழுப்பினார். சிறு துண்டும் முழுமையைப் போலவே கரடுமுரடாக இருக்கும் இத்தகைய வடிவங்களுக்கு 1975-ல் 'ஃபிராக்டல்' என்று பெயர் வைத்தார்.

சரி, இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% விழுந்தது. மணி வடிவக் கணக்குப்படி, பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வரக் கூடாது. ஆனால் வந்தது. பருத்தி விலையின் வடிவத்தைப் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம், அதிசயமாக இருந்திருக்காது.

அடுத்த சரிவு எந்தத் தேதியில் வரும் என்று ஃபிராக்டல் சொல்லாது. எவ்வளவு பெரிதாக வரக்கூடும் என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓய்வூதியப் பணத்தைச் சந்தையில் போட்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கைதான் முக்கியம். சராசரி ஆழம் மூன்றடி என்று நம்பி ஆற்றில் இறங்குபவருக்குத் தெரிய வேண்டியது சராசரி அல்லவே, நண்பர்களே!