மாதம் 50 டாலர்

டெக்சஸில் ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாதியில் விட்ட பட்டத்தை முடிக்க முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்கள் என் எதிரே உட்கார்ந்ததும் ஃபீஸைப் பற்றிக் கேட்பதில்லை. "வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டால் வாடகை எப்படிக் கட்டுவது?" என்றுதான் கேட்கிறார்கள். அமெரிக்க அரசு ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொன்னது.

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம், இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவரின் கல்விக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆண்டுக்கு 500 டாலர் வரை கொடுத்தது. அதோடு குடும்பச் செலவுக்கென்று மாதப்படி: தனியாளுக்கு 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. ஆனால் 25 வயதைத் தாண்டிப் படையில் சேர்ந்தவர், போரால்தான் தன் படிப்பு தடைபட்டது என்று காட்டியாக வேண்டும். 1945 டிசம்பரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். படியும் 65, 90 என்று கூடியது. கையெழுத்தான நாளைவிட அந்த டிசம்பரைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கல்லூரிகளின் தரம் கெட்டுவிடும் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்ற பெரியவர்களே அஞ்சினார்கள். வந்தவர்களோ வெறியோடு படித்தார்கள். 1947இல் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இடம் போதாமல், மேடிசனிலிருந்து சுமார் 35 மைல் தள்ளி வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் மணமான மாணவர்களைக் குடிவைத்தது. அங்கே மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்து, பஸ் பிடித்து வகுப்புக்குப் போய் வந்தார்கள். மாதப்படி இல்லாமல் இது நடந்திருக்காது. இந்தச் சட்டத்தின்கீழ் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர். தெற்கு மாநிலங்களின் கறுப்பின வீரர்களுக்கு மட்டும் வெள்ளையர் கல்லூரிகள் கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்கென்று இருந்த சில கல்லூரிகளில் எல்லோருக்கும் இடமும் இல்லை. அந்த அநியாயத்தைச் சொல்லாமல் இந்தச் சட்டத்தைப் புகழக் கூடாது.

படைவீரர் அல்லாத மாணவர்களுக்கும் அரசு உதவி தந்த உயர்கல்விச் சட்டத்தில் 1965 நவம்பர் 8 அன்று கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சனும் இடையில் படிப்பை நிறுத்தியவர்தான். கையில் காசில்லாமல் 1928இல் டெக்சஸின் காட்டுலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போனார். அந்தச் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து 1930இல் பட்டம் வாங்கினார். சான் மார்கோஸில் தான் படித்த அதே கல்லூரிக்குப் போய்த்தான் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் மானியத்துக்கு வித்திட்ட சட்டம் 1972இல் வந்தது. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் பெயரை அந்த மானியத்துக்குச் சூட்டியது 1980இல். முதல் ஆண்டில், அதாவது 1973-74இல், புதிதாகச் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு மட்டுமே பணம் கிடைத்தது. விட்ட இடத்திலிருந்து தொடர வந்தவருக்கு இல்லை. பிற்பாடு கதவு அகலமானது. ஆனாலும் வேலை பார்த்துக்கொண்டே பாதி நேரம் படித்தால் தொகையும் ஏறத்தாழப் பாதியாகிறது. கட்டணம் போக மிஞ்சியதைக் கையில் கொடுக்கிறோம். பல இடங்களில் மிஞ்சுவதே இல்லை. 2012இல் வாழ்நாள் வரம்பை 18 செமஸ்டரிலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள். இளவயதில் வாங்கி வீணான செமஸ்டர்களும் இதில் கணக்கு. திரும்பி வருபவருக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. கட்டணத்தை மட்டும் பார்த்து வாடகையை மறந்த திட்டம் இது என்பதே என் முடிவு.

இருந்தாலும் இருப்பதை விட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து, முதல் பட்டம் முடிக்காமல் நின்றவர் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். 24 வயது ஆனவருக்குப் பெற்றோர் வருமானக் கணக்கு தேவையில்லை. அரசின் மாணவர் உதவிக் கணக்கைத் திறந்தால் இதுவரை வாங்கிய பெல் மானியம் சதவீதத்தில் இருக்கும். அது 12 செமஸ்டருக்குச் சமமான 600ஐ எட்டவில்லை என்றால் இன்னும் பாக்கி உண்டு. உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.