லோதார் முகத்துல மட்டும் ஏன் மை?

பிளாக் பேந்தர் படம் 2018ல வந்துச்சு. காமிக்ஸ்ல அவர் வந்தது 1966லயே. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52வது இதழ்ல கொண்டு வந்தாங்க. ஆனா நம்ம அப்பா, சித்தப்பா தலைமுறைக்குப் பழக்கமான கறுப்புப் பலசாலி வேற ஒருத்தர்: லோதார்.

மந்திரவாதி மாண்ட்ரேக் கூடவே வருவாரே, அவர்தான். லீ ஃபாக் எழுதி, ஃபில் டேவிஸ் வரைஞ்சு 1934ல தொடங்கின தொடர் அது. கதைப்படி லோதார் ஒரு ஆப்பிரிக்க இளவரசர். அரியணையை வேண்டாம்னு சொல்லிட்டு மாண்ட்ரேக் பின்னாடி வந்துட்டார். வந்தவருக்கு என்ன கிடைச்சுது? சிறுத்தைத் தோல், தலையில துருக்கித் தொப்பி, அரைகுறை இங்கிலீஷ். மூளை வேலை மாண்ட்ரேக்குக்கு, மூட்டை தூக்குறது இவருக்கு. முப்பது வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. 1965ல ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் லோதாருக்கு ஒழுங்கான சட்டையும் ஒழுங்கான பேச்சும் வந்துச்சு. அமெரிக்காவுல சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்துல இருந்த நேரம் அது.

அதே லீ ஃபாக் 1936ல தொடங்கினதுதான் ஃபேன்டம். ராணி காமிக்ஸ்ல இவர் பேரு மாயாவி. (முத்து காமிக்ஸோட இரும்புக்கை மாயாவி வேற ஆளுங்க, குழப்பிக்காதீங்க.) காடு முழுக்கக் கறுப்பு மக்கள், காப்பாத்துறது மட்டும் தலைமுறை தலைமுறையா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அவருக்கு நெருக்கமான குள்ளர் கூட்டத்தோட பேரு 'பாந்தர்'. இந்தி தெரிஞ்சவங்களைக் கேளுங்க, குரங்குன்னு சொல்வாங்க. கடற்கொள்ளைக்காரங்க பேரு 'சிங்'. அதாவது வில்லன் நம்ம நாட்டுப் பேரோட வர்றான். நாம முகமூடி போட்டவருக்குக் கைதட்டிட்டு இருந்தோம்!

எனக்கு இதுல ரொம்ப உறுத்துறது அச்சு விஷயம். 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் ஆரம்பிச்ச காலத்துல பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். மாண்ட்ரேக் முகத்துக்கு மை தேவையில்ல, வெறும் காகிதமே அவர் தோல். லோதார் முகத்துக்கு மட்டும் கோடு கோடா இழுத்து நிரப்பணும். நம்ம கோடிங் பாஷையில சொன்னா, மனுஷன்னாலே டீஃபால்ட் வேல்யூ வெள்ளை. மத்தவங்களைத் தனியா டிக்ளேர் பண்ணணும். படிச்சது யாரு? கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பசங்க. பாதிப் பேரு லோதார் நிறம்.

இது வெளிநாட்டு நோய் மட்டும் இல்லைங்க. 1967ல தொடங்கின நம்ம அமர் சித்திரக் கதையிலயும் தேவர்கள் பெரும்பாலும் சிவப்பு, அசுரர்கள் பெரும்பாலும் கறுப்பு. இந்த விமர்சனத்தை ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமா சொல்லிட்டிருக்காங்க. அங்க வரைஞ்சதும் நம்மாளுங்க, படிச்சதும் நம்மாளுங்க.

அடுத்த தடவை உக்கடம் பழைய புத்தகக் கடைப் பக்கம் போனா, ஒரு மாண்ட்ரேக் இதழ் கிடைக்குதான்னு பாருங்க. கிடைச்சா, லோதார் எத்தனை கட்டத்துல பேசுறார், எத்தனை கட்டத்துல எதையாவது தூக்குறார்னு எண்ணி எங்களுக்கு அனுப்புங்க.