பியூச்சுரா தடித்த சாய்வெழுத்து

பியூச்சுரா தடித்த சாய்வெழுத்து என்பது பியூச்சுரா குடும்பத்தைச் சேர்ந்த இலத்தீன் எழுத்துரு ஆகும். கோடுகளின் முனைகளில் சிறு குறுக்குக்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகையைச் சேர்ந்தது. இடாய்ச்சுலாந்து வடிவமைப்பாளர் பவுல் ரென்னர் உருவாக்கிய இக்குடும்பத்தைப் பிராங்க்பர்ட்டின் பாவர் எழுத்து வார்ப்பகம் 1927 இல் வெளியிட்டது. சாய்வு வடிவங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன.

வடிவமைப்பு

வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவையே பியூச்சுராவின் அடிப்படை. இதன் சாய்வு கையெழுத்தைப் பின்பற்றியதன்று. நேர் எழுத்துகளே வலப்புறம் சாய்க்கப்பட்டுள்ளன. வட்ட வளையம் ஒன்றை அப்படியே சாய்த்தால் அதன் மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் தடிக்கும். மற்ற இரு பக்கங்களும் மெலியும். தடித்த எழுத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்பதால் வளைவுகளைத் தனியே திருத்த வேண்டியுள்ளது.

பயன்பாடு

தலைப்புகள், விளம்பரங்கள் போன்ற குறுகிய வாசகங்களுக்கு இது ஏற்றது. முன்னர் இதழ் வடிவமைப்பாளராகப் பணியாற்றிய அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர், கருப்பு வெள்ளை ஒளிப்படங்களின் மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை நிறத்தில் இவ்வெழுத்தைப் பயன்படுத்தி நுகர்வுப் பண்பாட்டை விமர்சித்தார். 1989 இல் வாசிங்டனில் நடந்த கருக்கலைப்பு உரிமைப் பேரணிக்கும் இவ்வகையில் ஒரு படைப்பை உருவாக்கினார். 1994 இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட சுப்ரீம் ஆடை நிறுவனத்தின் சின்னமும் சிவப்புப் பட்டையில் பியூச்சுரா சாய்வெழுத்தால் அமைந்தது. இதனால் நுகர்வைச் சாடிய அதே தோற்றம் வணிக அடையாளமாகவும் ஆனது.